விண்மீனும் ஓட்டாஞ்சில்லும்

ஓர் ஓட்டாஞ்சில்லு. உள்ளங்கையிலே அடங்கிவிடும். வயலை உழும்போது கொழுமுனையிலே தட்டுப்படும். எடுத்து வரப்புக்கு அப்பால் வீசிவிட்டு உழவன் ஏரைத் தொடருவான். தெருவிலே கிடந்தால் சிறுமியர் எடுத்துப் பாண்டி ஆடுவர். அதற்குமேல் அதற்கு மதிப்பில்லை என்றுதான் நெடுங்காலம் எண்ணியிருந்தோம்.

அந்தச் சில்லு இன்று நம்மைப் பார்த்துக் கேட்கிறது: "என்னை முழுவதும் அறிந்திட எத்தனை ஆசான்கள் வேண்டும், தெரியுமா உனக்கு?"

ஒருவர் போதாது. பத்துப் பேரும் போதாது. மண்ணின் அடுக்கை அறிந்தவர் வேண்டும். எழுத்தின் வடிவை அறிந்தவர் வேண்டும். அணுவை எண்ணத் தெரிந்தவர் வேண்டும். எலும்புத் துண்டைக் கண்டு, இது காளை, இது வெள்ளாடு என்று கூறவல்லவர் வேண்டும். ஆறு எந்த நூற்றாண்டிலே பெருகிற்று என்று கணக்கிடுபவர் வேண்டும். விண்வெளியிலே நடப்பதை ஆராய்கிறவரும் வேண்டும்!

சில்லுக்கும் விண்வெளிக்கும் என்ன உறவு என்று சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், தோழர்களே! சிரித்து முடித்துவிட்டு, மதுரைக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ பன்னிரண்டு கிலோமீட்டர் என்னுடன் வாருங்கள்.

சிலைமானைக் கடந்தால் கீழடி. சிவகங்கை மாவட்டம், திருப்புவனம் வட்டம் என்பது சர்க்கார் கணக்கு. மதுரையின் வாசற்படி என்பது நம் கணக்கு. அங்கே தென்னந்தோப்புகளுக்கு இடையே ஒரு மேடு. பள்ளிச்சந்தைத் திடல் என்பது ஊரார் இட்ட பெயர். பரப்பு ஏறத்தாழ 110 ஏக்கர். 1970களிலே அந்தப் பகுதியில் கிணறு வெட்டியபோது பழம்பொருள்கள் கிடைத்தன. உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் அவற்றின் அருமையை உணர்ந்து அரசினருக்கு எடுத்துரைத்தார். எடுத்துரைத்தது காதிலே விழ, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பிடித்தன!

2013–14இல் இந்தியத் தொல்லியல் துறையினர், அமர்நாத் இராமகிருட்டிணன் தலைமையிலே, வைகைக் கரையோரம் ஊர் ஊராகச் சென்று பார்த்தனர். பழங்கால மக்களின் தடயம் உள்ளவை என்று அவர்கள் குறித்துக்கொண்ட இடங்கள் 293. அவற்றிலே ஒன்று கீழடி. 2014–15இல் அகழத் தொடங்கினர். 2017–18 முதல் தமிழக அரசின் தொல்லியல் துறை பணியை மேற்கொண்டது. அந்த நான்காம் கட்ட அகழாய்விலே மட்டும் கிடைத்த பொருள்கள் 5,820. செங்கற்சுவர்கள், உறைகிணறுகள், மணிகள், ஆட்டக்காய்கள், நூல் நூற்கும் தக்களிகள், தமிழ் எழுத்துப் பொறித்த பானைச் சில்லுகள்! அரசன் பெயரைச் சொல்லும் கல்வெட்டு அல்ல, பொற்குவியல் அல்ல; மக்கள் வாழ்ந்த வாழ்வின் மிச்சம்.

சரி, பொருள் கிடைத்தது. காலம்? அதைச் சொல்லப்போவது யார்?

இங்கேதான் வந்து நிற்கிறது விண்வெளி! வெடித்துச் சிதறிய விண்மீன்கள் முதலியவற்றிலிருந்து புறப்பட்ட கதிர்கள் இடையறாது நம் பூமியின் காற்று மண்டலத்தின்மீது வந்து தாக்குகின்றன. அந்தத் தாக்குதலிலே பிறக்கிறது கார்பன்–14 என்னும் ஒருவகைக் கரி அணு. காற்றிலே கலக்கிறது; செடி அதை உட்கொள்கிறது; செடியை ஆடு தின்கிறது; ஆட்டை மனிதன் தின்கிறான். உயிருள்ளவரை வரவு உண்டு. உயிர் போனதும் வரவு நின்றுவிடும். செலவு மட்டும் நடக்கும். 5,730 ஆண்டுகளிலே பாதியாகும். மேலும் 5,730 ஆண்டுகளிலே அந்தப் பாதியிலும் பாதியாகும். மீதி எவ்வளவு என்று எண்ணினால், உயிர் போன காலம் தெரிந்துவிடும். கணக்குப்பிள்ளை இருப்பைப் பார்த்து நாளைச் சொல்வதுபோல! அமெரிக்காவிலே சிகாகோ நகரத்துப் பேரறிஞர் வில்லார்டு லிபி என்பார் இந்த முறையை 1949இல் உலகுக்கு அளித்தார். அதற்காக 1960இல் நோபல் பரிசு பெற்றார்.

கீழடி மண்ணுக்கடியிலே கிடந்த கரித்துண்டுகள் ஆறு, புளோரிடாவிலே உள்ள ஆய்வுக்கூடத்துக்குச் சென்றன. ஏறத்தாழ மூன்றரை மீட்டர் ஆழத்திலே கிடைத்த துண்டு கி.மு. 580 அளவினது என்றும், இரண்டு மீட்டர் ஆழத்திலே கிடைத்தது கி.மு. 205 அளவினது என்றும் முடிவு வந்தது. 2019 செப்டம்பரிலே தமிழக அரசு அதை வெளியிட்டது. எந்த வீட்டு அடுப்பிலே எரிந்த கரியோ! எந்தத் தாய் ஊதி எழுப்பிய நெருப்போ! அதன் வயதைச் சொன்ன சாட்சி விண்ணிலிருந்து வந்தது, தோழர்களே!

இது ஒரு சாட்சி. இன்னும் இருக்கிறார்கள் கேளுங்கள்.

புனேயிலே உள்ள தக்காணக் கல்லூரியார் எழுபது எலும்புத் துண்டுகளை ஆராய்ந்தனர். பசு, காளை, எருமை, ஆடு ஆகியவை பாதிக்கும் மேல். உழவும் கால்நடை வளர்ப்பும் அங்கே ஓங்கியிருந்தன என்று எலும்பு பேசிற்று. பானை ஓடுகள் இத்தாலி நாட்டுப் பிசா பல்கலைக்கழகத்துக்குச் சென்றன; உள்ளூர் மண்ணால் வனையப்பட்டவை என்று கனிமம் பேசிற்று. வேலூர்த் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் பானையின் கறுப்புப் பூச்சைச் சோதித்தனர். கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கரிக்குழாய்கள் அதிலே இருக்கக் கண்டு 2020இல் வெளியிட்டனர். அந்தக் குயவனுக்கு அணுவும் தெரியாது, குழாயும் தெரியாது. சூளையின் பதம் தெரியும். தழையும் நெருப்பும் புகையும் தெரியும். அவன் கைப்பக்குவத்திலே விளைந்ததை விளக்க, இருபதாம் நூற்றாண்டின் கருவிகள் தேவைப்பட்டன!

வைகையையும் விசாரித்தனர். அகமதாபாத்து இயற்பியல் ஆய்வுக்கூடத்தார், கீழடிக் கட்டடங்களை மூடிக் கிடந்த மணலை இருட்டிலே எடுத்துச் சென்று, அந்த மணல் கடைசியாக வெயிலைக் கண்டது எப்போது என்று கணித்தனர். ஆம், மணலுக்கும் நினைவு உண்டு! ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முன்னர் வைகை வெள்ளம் கொண்டுவந்து குவித்த மண் என்று 2025இல் விடை வந்தது. பக்கத்திலே உள்ள கொந்தகையில், ஈமத்தாழிகளிலே கிடைத்த மண்டை ஓடுகளிலே இரண்டைக் கொண்டு, இங்கிலாந்திலே லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தார் முகத்தை உருவாக்கிக் காட்டினர். தோலின் நிறமும் தலைமயிரும் அறிஞர்தம் மதிப்பீடு. எலும்பின் அமைப்பு உண்மை.

எண்ணிப் பாருங்கள்! புனே, வேலூர், அகமதாபாத்து, பிசா, லிவர்பூல், புளோரிடா! இத்தனை ஊர்களும் ஒரு திடலின் மண்ணைச் சுற்றி அமர்ந்திருக்கின்றன. விஞ்ஞானம் வேறு, சரித்திரம் வேறு, ஒன்றைப் படிக்கிறவன் மற்றதைத் தீண்டக்கூடாது என்று பள்ளிக்கூடத்திலே வேலி போட்டு வைத்திருக்கிறோமே, அந்த வேலி கீழடிக் குழியிலே சரிந்து விழுந்துவிட்டது.

இதிலே பாட்டாளிக்கு என்ன பங்கு?

"வயிற்றுக்கு வழியைச் சொல்லாமல், ஓட்டாஞ்சில்லைப் பொறுக்கி என்ன பயன்? அரிசி விலை குறையுமா? கூலி உயருமா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பதில் சொல்லத்தான் வேண்டும்.

கூலி ஒரு நாளிலே உயராது. ஆனால், 'நீ யார்?' என்ற கேள்விக்குப் பதில் தெரியாதவனிடம் எவனும் எதையும் சொல்லி ஏய்த்துவிடலாம். 'உன் பாட்டன் எழுத்தறியாதவன், படிப்பு உன் குலத்துக்கு ஒட்டாது' என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வைத்தார்கள். நம்மிலே பலர் நம்பியும் விட்டார்கள். கீழடியின் நான்காம் கட்டத்திலே தமிழ் எழுத்துப் பொறித்த சில்லுகள் 56 கிடைத்தன. ஆதன் என்று ஒரு சில்லு. குவிரன் என்று ஒரு சில்லு. அரண்மனை ஓலை அல்ல, சமையற்கட்டுப் பானை! கையெழுத்து ஒன்றுபோல் ஒன்று இல்லை. ஆகவே, சூளையிலிருந்து வந்த பானையிலே உடையவர்களே தத்தம் பெயரைக் கீறியிருக்க வேண்டும் என்று அறிஞர் கருதுகிறார்கள். பானை வைத்திருந்தவனுக்கு எழுத்து தெரிந்திருந்தது! அந்த ஆதனின் மரபிலே வந்தவன் பத்திரத்திலே கைநாட்டு வைக்க நேர்ந்தது எதனாலே? பிறப்பினாலா? இல்லை! இடையிலே எவரெவரோ பள்ளிக் கதவைச் சாத்தியதனாலே!

செல்லூர்த் தறிக்காரத் தோழனே! மில்லிலே நூற்பு இயந்திரத்தோடு மல்லுக்கட்டிய முதியவரே! கீழடியிலே கிடைத்த தக்களி உங்கள் தொழிலின் மூத்த உறுப்பினர். அங்கே கிடைத்த சூதுபவள மணிகள் வடக்கே குசராத்து, மராட்டியப் பகுதிகளிலிருந்து வந்த கல் என்று மதிப்பிட்டுள்ளனர். பாட்டாளியின் கைவினையும் வணிகனின் வண்டியும் சேர்ந்துதான் நகரம். படை எடுத்தவன் கதை மட்டும் சரித்திரமாகாது. அந்தக் குழியிலே சாந்துக்கரண்டியும் தூரிகையும் பிடித்து, அங்குலம் அங்குலமாக மண்ணை அகற்றியவர்களும் அக்கம்பக்கத்து ஊர்களின் கூலி மக்கள்தாம். பெண்கள் பலர். அறிக்கையிலே அவர்கள் பெயர் வராது. அவர்கள் கை படாமல் அறிக்கையே வராது.

அந்த அறிக்கையின் கதைக்கு வருகிறேன். கேட்டால் நெஞ்சு கொதிக்கும்.

முதல் இரண்டு கட்டங்களை நடத்திய அமர்நாத் இராமகிருட்டிணன் 2017இல் அசாமுக்கு மாற்றப்பட்டார். அடுத்து வந்த மூன்றாம் கட்டத்திலே, குறிப்பிடத்தக்கது எதுவும் கிடைக்கவில்லை என்று மத்தியத் துறை சொல்லிற்று. வழக்கு மன்றம் ஏற வேண்டி வந்தது. 2023 சனவரியிலே அவர் 982 பக்க அறிக்கையை ஒப்படைத்தார். கீழடியின் தொடக்கத்தை கி.மு. எட்டாம் நூற்றாண்டு வரை கொண்டு சென்றார். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அறிக்கை அச்சேறவில்லை. 2025 மே திங்களிலே, காலக் கணிப்பைத் திருத்தி எழுதுக என்று அறிக்கை திரும்பி வந்தது. கண்டதை எழுதியிருக்கிறேன், மாற்றுவதற்கில்லை என்றார் அவர். அடுத்த திங்களிலே இன்னோர் இடமாற்றம்!

அறிக்கையிலே பிழை இருக்கவே இருக்காது என்று நான் சொல்ல வரவில்லை. எந்த அறிஞரின் எழுத்திலும் பிழை இருக்கலாம். பிழை இருந்தால் அதைப் பிடிக்கும் வழி என்ன? அச்சிட்டு ஊரறிய வைப்பதுதான் வழி! உலகத்து அறிஞர்கள் படிக்கட்டும், அடுக்கு அடுக்காக ஆராயட்டும், மறுக்கட்டும், மோதட்டும். மோதலிலே உண்மை நிற்கும், பொய் உதிரும். எழுதியவரை ஊர் ஊராக மாற்றுவதால் மண்ணின் அடுக்கு மாறாது; பெட்டிக்குள் ஏட்டைப் பூட்டுவதால் கரியின் வயது குறையாது.

இதைச் சொல்லுகிற உரிமை நமக்கு வேண்டுமானால், அதே நேர்மை நம்மிடமும் வேண்டும். இதை அழுத்திச் சொல்கிறேன். மேடை ஏறும் தோழர்களிலே சிலர், ஆர்வத்திலே ஐம்பதாயிரம் ஆண்டு என்கிறார்கள். உலகத்து மொழிக்கெல்லாம் தாய் என்கிறார்கள். கைத்தட்டல் கிடைக்கும். மறுநாள் எதிரி கேட்பான்: 'சான்று எங்கே?' வாய் அடைத்துப் போகும். கி.மு. 580 என்று சொல்லும்போதுகூட ஒன்றை நினைவிலே கொள்ளுங்கள். காற்றிலே கார்பன்–14 எல்லாக் காலத்திலும் ஒரே அளவாக இருந்ததில்லை. மரத்தின் வளையங்களை எண்ணிச் சரிபார்த்த அறிஞர்கள், ஏறத்தாழ கி.மு. 800க்கும் 400க்கும் இடைப்பட்ட காலத்துப் பொருள்களுக்குத் துல்லியமான ஆண்டைக் கூறுவது கடினம் என்று எச்சரிக்கிறார்கள். ஆகவே ஒரு கரித்துண்டை மட்டும் நம்பாமல், மேல் அடுக்கு, கீழ் அடுக்கு, பானையின் வகை, எழுத்தின் வடிவம், பக்கத்து ஊர்களின் சான்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். ஒரு துறை தடுமாறும் இடத்திலே இன்னொரு துறை கைகொடுக்கிறது. ஆராய்ச்சி அகலமாக இருக்க வேண்டியது இதனால்தான். ஒற்றைக் காலிலே நிற்பவனைத் தள்ளிவிடலாம். நாலு காலிலே நிற்கும் மேசையை எளிதிலே சாய்க்க முடியாது.

இரத்தத்தின் பெருமை பேசுவோர்க்கும் மதுரையிலேயே மருந்து இருக்கிறது. காமராசர் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் இராமசாமி பிச்சப்பன், நம் வட்டாரத்து மக்களின் குருதியை ஆராய்ந்தார். மதுரைக்கு மேற்கே உள்ள ஒரு சிற்றூரிலே எம்–130 என்னும் பழைய மரபணு அடையாளம் தென்பட்டது. ஆப்பிரிக்காவிலிருந்து பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் கடற்கரை வழியே கிழக்கு நோக்கி நடந்த ஆதி மனிதரின் அடையாளம் அது. அதே வழியின் தொடர்ச்சி ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களிடமும் காணப்படுகிறது. பொருள் விளங்குகிறதா? முகத்திலே பிறந்தவன் ஒருவன், காலிலே பிறந்தவன் ஒருவன் என்ற கட்டுக்கதையைக் குருதி ஏற்கவில்லை. நடந்து வந்தவர்களின் பிள்ளைகள் நாம், எல்லோரும்! தமிழனின் தொன்மையைப் பேசும் நாவு, தமிழனுக்குள்ளே மேல்கீழ் பேசுமானால், அது விஞ்ஞானத்தையும் ஏமாற்றுகிறது, தன்னையும் ஏமாற்றுகிறது.

துறைகள் பல சேர்ந்து பார்ப்பது பழமையை அறிவதற்கு மட்டுமா பயன்படும்? இல்லை, இருக்கிறதைக் காப்பாற்றவும் பயன்படும். அதற்கும் மதுரையே சாட்சி. இப்போது மேலூர் பக்கம் வாருங்கள்.

அரிட்டாபட்டி. கற்பாறைக் குன்றுகள், சுனைகள், ஏரிகள். பறவைகளை எண்ணுவோர் அங்கே ஏறத்தாழ 250 வகைப் பறவைகளைக் குறித்துள்ளனர். பாண்டியர் காலக் குடைவரை உண்டு. சமணத் துறவியர் கற்படுக்கை உண்டு. பக்கத்து மீனாட்சிபுரத்து மலையிலேதான் புகழ்பெற்ற மாங்குளம் கல்வெட்டு. 1882இல் இராபர்ட் சீவல் என்னும் வெள்ளையர் அதைக் கண்டார். அதன் மொழி தமிழ் என்று கே.வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக்காட்டியது 1924இல்! கண்டதற்கும் மொழி விளங்கியதற்கும் இடையே 42 ஆண்டுகள். பின்னர் ஐராவதம் மகாதேவன் மலைமலையாக ஏறி, இத்தகைய எழுத்துகளைத் திரட்டி, 2003இல் பெருநூலாக்கினார். நெடுஞ்செழியன் பெயரும், வெள்ளறை என்னும் ஊரின் வணிகக் குழுவும் அந்தப் பாறையிலே இருக்கின்றன.

அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய ஊர்களைச் சேர்ந்த 193.42 ஹெக்டேர் பரப்பை, 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலம் என்று தமிழக அரசு அறிவித்தது. இரண்டே ஆண்டு, 2024 நவம்பரில் மத்திய சர்க்கார், அந்தப் பகுதியை உள்ளிட்ட ஏறத்தாழ 2,015 ஹெக்டேரிலே டங்ஸ்டன் தோண்டும் உரிமையை ஒரு கம்பெனிக்கு ஏலத்திலே முடித்தது!

டங்ஸ்டன் வேண்டாத பொருள் அல்ல. கடினமான உலோகம், கருவி செய்ய உதவும். அது இருக்குமிடத்தைக் கண்டறிந்தவரும் ஆராய்ச்சியாளர்தான். குறை அறிவிலே அல்ல. ஓர் அறிவை மட்டும் அழைத்து, மற்ற அறிவுகளை வாசலிலே நிறுத்தியதிலே! கனிமம் தெரிந்தவரைக் கேட்டார்கள். பறவை தெரிந்தவரைக் கேட்கவில்லை. பாறையின் எடையைப் பார்த்தார்கள். பாறையிலே இருந்த எழுத்தைப் பார்க்கவில்லை. ஊற்றுநீரை நம்பி உழுகிறவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்காதவர்களுக்குக் கேட்கும்படி சொன்னார்கள் மக்கள். 2025 சனவரி 7ஆம் நாள், மேலூர் வட்டாரத்து விவசாயிகளும் பெண்களும் பல்லாயிரவராய்த் திரண்டு மதுரை தல்லாகுளம் நோக்கி வந்தனர். அவர்கள் வாயிலே கோஷம் மட்டுமா இருந்தது? ஏரியின் கணக்கு இருந்தது, சுனையின் பெயர் இருந்தது, பருந்தின் வகை இருந்தது, கல்வெட்டின் காலம் இருந்தது. பல்கலைக்கழகத்து அறிவு பாமரன் நாவிலே ஏறி நின்றது! அதே திங்கள் 23ஆம் நாள் மத்திய சர்க்கார் ஏலத்தை ரத்து செய்தது. அறிவு மக்களிடம் சேர்ந்தால் மலையையும் காக்கும். சேராவிட்டால், காகிதத்திலே எழுதிய மரபுத் தலம் காகிதத்திலேயே நின்றுவிடும்.

ஆகவே, கழனியிலே, தறியிலே, பட்டறையிலே உழைக்கும் தோழர்களே! உங்களிடம் கேட்பது பெரிய செலவு அல்ல. 2023 மார்ச்சு 5ஆம் நாள் கீழடியிலே அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. ஒரு ஞாயிறு பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். அதே ஆண்டு சூலை 15ஆம் நாள் மதுரை நத்தம் சாலையிலே கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. எட்டாவது படித்தவனும் அங்கே உட்காரலாம், எவனும் எழுந்து போ என்று சொல்ல முடியாது. கிணறு வெட்டும்போது, வீட்டுக்கு வானம் தோண்டும்போது, கோடு கீறிய சில்லு தென்பட்டால் வீசி எறியாதீர்கள். கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் குறித்துவைத்து, பள்ளி ஆசிரியரிடமோ தொல்லியல் துறையினரிடமோ சொல்லுங்கள். இடம் தெரியாத சில்லு, முகவரி கிழிந்த கடிதம்.

இன்னும் ஒன்று. 'என் பையன் விஞ்ஞானம் படிக்கிறான், சரித்திரம் அவனுக்கு எதற்கு?' என்று சொல்லாதீர்கள். 'என் பெண் தமிழ் படிக்கிறாள், இரசாயனம் எதற்கு?' என்றும் சொல்லாதீர்கள். நாளைக்கு அவர்கள் ஒரு குழியின் இருபக்கமும் நின்று, ஒருவர் கேட்க மற்றவர் விடை சொல்ல வேண்டியிருக்கும்.

வைகைக் கரையிலே குறித்துவைத்த இடங்கள் 293. அவற்றிலே கரண்டி பட்டவை மிகச்சில. மற்றவை தென்னையின் அடியிலும் கரும்பின் அடியிலும் காத்துக் கிடக்கின்றன. அவற்றைத் தோண்டவும், எண்ணவும், படிக்கவும், எழுதியதை ஒருவருக்கும் அஞ்சாமல் அச்சேற்றவும் ஆட்கள் வேண்டும். அந்த ஆட்கள் எங்கிருந்தோ வரப்போவதில்லை. உங்கள் வீட்டுத் திண்ணையிலே உட்கார்ந்து, இப்போது வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்!